ஒரே ரோலில் இரண்டு தெரு

"இதுக்குள்ள எறும்பு வேணும்னா குடியிருக்கும். படம் எங்கம்மா குடியிருக்கப் போகுது?"

என் தோழியின் அத்தா இப்படிக் கேட்டபோது எங்கள் கேமராவைக் காதோரம் வைத்து ஆட்டிக்கொண்டிருந்தார். தேங்காய் வாங்கும்போது தண்ணீர் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்ப்போமே, அப்படி. உள்ளே ஏதோ கடகடவென்றது. அவர் எங்கள் மூவரையும் பார்த்துச் சிரித்தார்.

கேமராவும் சிரிக்கத் தகுந்ததுதான். கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி. முன்னால் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் லென்ஸ். அதற்கு மேலே தனியாக ஒரு சின்னச் சதுர ஓட்டை; அதன் வழியாகப் பார்த்துக்கொண்டு பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்கினால் நகம் வெட்டுகிற சத்தம் வரும். அவ்வளவுதான் அதன் வித்தை. டீச்சர் வீட்டுப் பரணில் ஒரு அட்டைப்பெட்டி நிறைய இருந்தது. டீச்சர் என்பது எங்கள் இன்னொரு தோழி; அகரம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் பாடம் எடுக்கிறாள். அவளுடைய அப்பா ஒரு காலத்தில் கோயில் திருவிழாவில் அதிர்ஷ்டச் சீட்டுக் கடை போட்டவர். பிளாஸ்டிக் வாளி, எவர்சில்வர் டம்ளர், சாமி படம் எல்லாம் பரிசாகப் போய்விட்டன. கேமரா பரிசு விழுந்தவர்கள் மட்டும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாளி கேட்டார்களாம்.

அந்த வாளி கேட்டவர்களால்தான் எங்களுக்கு ஆளுக்கொரு கேமரா கிடைத்தது.

அத்தா பேகம்பூரில் ஆட்டுத்தோல் வியாபாரம் செய்கிறவர். தோலை வாங்கி, உப்புப் போட்டு அடுக்கி, லாரி ஏற்றுவார். தெருவைப் பார்த்துக் கடை, அதை ஒட்டிக் குடோன், குடோனுக்கு மேலே ஒரு காலி அறை. அந்த அறையில்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் கேமராவோடு நாங்கள் கூடினோம். அவர் மகளைப் பேகம்பூர்க்காரி என்றுதான் நானும் டீச்சரும் கூப்பிடுவோம். அவள் அத்தா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு எங்களுக்கும் அவர் அத்தா ஆகிவிட்டார்.

நான் வேடசந்தூர் ரோட்டில் ஒரு நூல் மில்லில், நூலின் பலம் பார்க்கிற பிரிவில் வேலை செய்கிறேன். அம்மா வேறொரு மில்லில் நூல் சுற்றும் மெஷினில் நிற்கிறாள். அப்பா வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடத்தை முடித்தவள் நான். அதோடு நிற்காமல் வேதியியலில் பட்டமும் வாங்கினேன். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. எங்கள் தெருவில் கேஸ் சிலிண்டர் கசிந்தாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள், குழந்தை காசை விழுங்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். படித்தவள் என்றால் எல்லாம் தெரிந்தவள். நானும் தெரியாது என்று சொன்னதில்லை.

ஆனால் மூவரும் சேர்ந்து எடுத்த முதல் பிலிம் ரோலை நான்தான் பாழாக்கினேன். முடிந்துவிட்டதா என்று பார்க்கப் பட்டப்பகலில் பின்மூடியைத் திறந்துவிட்டேன்; வெளிச்சம் பட்டு எல்லாம் போனது. அத்தாவின் சந்தேகம் அங்கிருந்துதான் தொடங்கியது. அதற்குள் தெருவில் பிரியாணிக் கடை வைத்திருப்பவர் பார்சல் டப்பாக்களை அடுக்க அந்த அறையைக் கேட்டுவிட்டார்.

"இன்னொரு ரோலு எடுத்துக் காட்டுங்க" என்றார் அத்தா. "மாசம் முடியிற வரைக்கும் பொறுக்குறேன். ஒரே ஒரு மூஞ்சி, இன்னாருன்னு அடையாளம் தெரியணும். தெரிஞ்சா ரூமு உங்களுக்கு. இல்லைன்னா டப்பாவுக்கு."

"மூஞ்சிதானா அத்தா முக்கியம்?" என்றாள் டீச்சர்.

"பின்ன? போட்டோன்னா ஆளு தெரியணும்மா. ஆளு தெரியாத போட்டோவ வச்சு நான் யாருக்குச் சலாம் சொல்ல?"

எனக்கும் டீச்சருக்கும் அறை போனால் இன்னொரு இடம். பேகம்பூர்க்காரிக்கு அப்படி இல்லை. பி.காம் முடித்து வீட்டில் இருந்தாள். தோழி வீட்டுக்குப் போகிறேன் என்று பஸ் ஏற அவள் வீட்டில் விட மாட்டார்கள். குடோன் மாடி என்றால் சரி. அது வெளியும் இல்லை, வீடும் இல்லை. கீழே அத்தா இருக்கிறார். அந்த அறை டப்பாவுக்குப் போய்விட்டால் அவளுடைய ஞாயிற்றுக்கிழமையும் டப்பாவுக்குப் போனது மாதிரிதான். அத்தா படியிறங்கிப் போனதும் ஜன்னல் கம்பியில் நகத்தால் தட்டிக்கொண்டே இருந்தாள். எனக்கு அந்தச் சத்தம் பொறுக்கவில்லை.

"மூஞ்சி என் பொறுப்பு" என்றேன்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுடி" என்றாள் டீச்சர்.

"எங்க தெருவுல இல்லாத மூஞ்சியா?"

ஒழுங்காக ஒரு ரோல் எடுத்து ஒழுங்காகக் கழுவியிருந்தால் இந்தக் கதையே இல்லை. எங்களால் ஒழுங்காக இருக்க முடியவில்லை. ஒரே ரோலில் இரண்டு தெருவை எடுப்பது என்று முடிவு செய்தோம். முதலில் அவள் தன் தெருவை எடுப்பாள். முடிந்ததும் பிலிமைத் திரும்பச் சுற்ற வேண்டும்; ஆனால் முழுக்கச் சுற்றிவிடக் கூடாது. பிடி சட்டென்று தளர்கிற இடத்தில் நிறுத்தினால் பிலிமின் நாக்கு வெளியே நிற்கும். அந்த நாக்கைப் பிடித்து என் கேமராவில் மாட்டி, அதே பிலிமில் நான் என் தெருவை எடுப்பேன். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, அவள் வீட்டு வாசலில் எங்கள் தெரு ஆள் நிற்பார். யார் எங்கே நிற்பார்கள் என்று கழுவிப் பார்க்கும்வரை யாருக்கும் தெரியாது.

வெளிச்சம் இரண்டு தடவை விழும் என்பதால் வெயில் ஏறும் முன்னும் இறங்கிய பின்னும் மட்டுமே எடுப்பது என்றும் பேசிக்கொண்டோம். இந்த யோசனை என்னுடையது. படித்தது வீண் போகவில்லை.

பேகம்பூர்க்காரி ஆட்களை எடுக்கவே இல்லை. வாசலில் நிற்கிற பெண்களை எடுத்தால் மறுநாள் அந்த வீட்டுக்காரர் அவள் அம்மாவிடம் வந்து நிற்பார். அதனால் பச்சை வர்ணம் அடித்த கதவு, மாடிப்படி, மதில்மேல் ஆடு, குடோன் வாசலில் உப்பு, பள்ளிவாசல் மினாராவுக்குக் குறுக்கே போகிற கரண்டுக் கம்பி என்று எடுத்தாள். கண்ணாடி வளையலை லென்ஸுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு சில. மாடியில் நின்று தன்னைத்தானே சுற்றிக்கொண்டே ஒன்று. "தலை சுத்திருச்சு. படமும் சுத்துமா?" என்று போனில் கேட்டாள். ரோலை எனக்குக் கொடுத்தபோது அதன் நாக்கு வெளியே நீண்டிருந்தது. இருவரும் அதைப் பார்த்து, பிறந்த குழந்தையைப் பார்த்ததுபோலக் கத்தினோம்.

அன்று சாயங்காலமே என் கேமராவில் மாட்டினேன். மறுநாள் ஆயுத பூஜை.

எங்கள் வீட்டு ஆயுத பூஜையை அம்மா மில் முறைப்படி செய்வாள். மில்லில் மெஷின் மெஷினாகக் கழுவித் துடைத்துச் சந்தனம் வைத்துக் குங்குமம் வைப்பார்கள். அம்மா நிற்கிற மெஷின் வரிசையில் அவள்தான் அதற்குத் தலைமை. வீட்டிலும் அதே கை. மிக்சி, அரிவாள்மனை, அப்பாவின் மூட்டைக் கொக்கி, சைக்கிள், என் பழைய புத்தகங்கள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருந்தாள். நான் பொரி வாங்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது சூடம் காட்டி முடிந்திருந்தது. கேமராவும் வரிசையில் இருந்ததை நான் பார்த்தேன். அதன் தலையில் ஒரு பூ இருந்தது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. இந்த வீட்டில் அதையும் ஒரு ஆயுதம் என்று ஒத்துக்கொண்டுவிட்டார்கள்.

மறுநாள் விடிந்ததும் தெருவில் இறங்கினேன். செய்தி எனக்கு முன்னால் போயிருந்தது. இயல்பாக இருங்கள் என்று முந்தைய நாளே சொல்லியிருந்தும் குழாயடிக்கு ஆட்கள் பட்டுச்சேலையில் வந்திருந்தார்கள். பிளாஸ்டிக் குடத்தை இடுப்பில் வைத்துப் பட்டுச்சேலையில் நின்ற எதிர்வீட்டு அக்கா, நான் ஓட்டையில் கண் வைத்ததும் கையைத் தூக்கித் தடுத்தாள்.

"இரு, இரு. எனக்குப் பின்னாடி என்ன வரும்னு சொல்லு."

"பேகம்பூர்ல ஒரு வீட்டு வாசல் வரும்க்கா. இல்லைன்னா ஆடு வரும்."

"நான் எப்ப தாயி பேகம்பூர் போனேன்?"

"போகாமயே நிக்கலாம். அதுதேன் இதுல விசயமே."

"அந்த வீட்டுக்காரக வைய மாட்டாகளா? யாரு இவ, குடத்தத் தூக்கிட்டு எங்க வாசல்ல வந்து நிக்கிறவன்னு?"

"தண்ணி கேட்டு வந்தேன்னு சொல்லுங்க."

குழாயடியே சிரித்தது. சிரிக்கும்போதே அமுக்கினேன். அடுத்து அப்பா, கொக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு, போலீஸ் ஸ்டேஷனில் போட்டோ எடுக்க நிற்கிறவரைப்போல. அடுத்து அம்மா, ஷிப்டுக்குப் போகிற அவசரத்தில், "சீக்கிரம்டி, பஸ் போயிரும்" என்று வாய் பேசிக்கொண்டிருக்கும்போதே. அம்மா ஓட, நான் பின்னால் ஓடி, பஸ் படியில் ஏறுகிறவளை இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரலால் சக்கரத்தைத் தள்ளுவேன், பல் பல்லாக ஓடி நிற்கும், நின்றால் அடுத்தது. ரோல் முடிந்த பிறகும் என் கட்டைவிரல் நிற்கவில்லை. மில்லில் நூல் அறுபடும் இழுவையைப் பார்த்து எழுதிக்கொண்டே மேசை விளிம்பில் சக்கரம் தள்ளிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவள், "என்னடி, கையில சிரங்கா?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. பிலிமைக் கழுவுவதற்கு நாங்கள் ஸ்டூடியோ மருந்து எதையும் தேடவில்லை. இன்ஸ்டன்ட் காபித்தூள், சலவைச் சோடா, வைட்டமின் சி பொடி. மூன்றையும் தண்ணீரில் கலந்தால் கறுப்பு வெள்ளை பிலிமில் உருவம் எழும். அதன் பிறகு உருவத்தை நிறுத்துவதற்கு ஹைப்போ உப்பு. அது மட்டும் கல்லூரிகளுக்கு ரசாயனம் கொடுக்கிற கடையில் வாங்கியது. காபித்தூளும் சோடாவும் சேரும்போது எழுகிற நாற்றத்தைச் சொல்லி விளக்க முடியாது. கீழே இருந்து அத்தா குரல் கொடுத்தார்.

"ஏம்மா, மேல என்ன தீயுது?"

"காபி கலக்குறோம் அத்தா."

"இதுவா காபி? எங்க ஆட்டுத்தோலே தேவலையே!"

ஜன்னலுக்குக் கறுப்பு பாலிதீன் ஒட்டி, கதவிடுக்கில் சாக்குச் செருகி, விளக்கை அணைத்தோம். கண்ணுக்கு முன்னால் விரலை ஆட்டினாலும் தெரியாத இருட்டு. பிலிமின் இரண்டு முனைகளையும் நான் பிடித்துக்கொண்டு, வளைந்து தொங்கும் நடுப்பகுதி கிண்ணத்தில் இருக்கும் கரைசலில் முங்கி முங்கி எழும்படி கைகளை மாற்றி மாற்றி ஏற்றி இறக்க வேண்டும். கிண்ணம் நகராமல் பிடிப்பது பேகம்பூர்க்காரி. நேரம் பார்ப்பது டீச்சர். போனைத் திறந்தால் வெளிச்சம் வந்துவிடும் என்பதால் அவள் வேறு வழி வைத்திருந்தாள். எங்கள் கரைசலுக்கு ஒரு முழு ஜெபமாலை நேரம் சரியாக இருந்தது. இருட்டில் அவள் குரல் மட்டும் கேட்டது, மணி மணியாக. நடுவில் நிறுத்தி, "கை வலிக்குதா?" என்பாள்.

"நீ நிறுத்தாத. எண்ணிக்கை தப்பிரும்."

"மாதா கோவிச்சுக்க மாட்டா. ஆனா இம்புட்டு வேகமா நான் கோயில்லகூடச் சொன்னதில்ல."

"ஆமென் வர்ற எடத்துல நானும் சொல்றேன்" என்றாள் பேகம்பூர்க்காரி. "எங்களுக்கும் ஆமீன் இருக்கு."

மூன்று பேரும் சிரித்ததில் கரைசல் என் சுடிதாரெல்லாம் தெறித்தது. அந்தக் கறை இன்னும் போகவில்லை. சிரித்துக்கொண்டே இருந்தாலும் எனக்கு உள்ளே ஒரே பரபரப்பு. இருட்டில் என் விரலுக்கிடையில் என் அம்மா இருக்கிறாள், அப்பா இருக்கிறார், குழாயடி மொத்தமும் இருக்கிறது. ஒரு ஜெபமாலை முடியும்வரை பார்க்க முடியாது. "வேகமாச் சொல்லு" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன். வேகமாகச் சொன்னால் உருவம் வேகமாக வந்துவிடாது என்று தெரிந்தே சொன்னேன்.

ஹைப்போவில் போட்டு, விளக்கைப் போட்டு, பிலிமைக் குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் அலசினோம். போர் தண்ணீரில் அலசினால் காய்ந்த பிறகு உப்புப் பூத்துவிடும். கொடியில் துணிக் கிளிப் மாட்டித் தொங்கவிட்டு, காயும்வரை பொறுக்க முடியாமல், லேப்டாப்பின் வெள்ளைத் திரைக்கு முன்னால் பிடித்து, போன் கேமராவில் நிறத்தைத் தலைகீழாக மாற்றிப் பார்த்தோம்.

பேகம்பூர்க்காரியின் தெரு இருந்தது. கதவின் ஆணி தெரிந்தது. ஆட்டின் கண் தெரிந்தது. அவள் சுற்றிக்கொண்டே எடுத்ததில் மாடி முழுக்கக் கோடு கோடாக ஓடியது. அவள் தரையில் உட்கார்ந்து கைதட்டினாள். "வந்துருச்சுடி! வந்துருச்சு!"

நான் என் தெருவைத் தேடிக்கொண்டிருந்தேன்.

அது இருந்தது. ஆனால் புகை மாதிரி இருந்தது. பச்சைக் கதவின்மேல் வெளுப்பாக ஒரு ஆள் உயரம். குடம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பளபளப்பு. கொக்கி மாட்டிய தோள் என்று நான் சொன்னால்தான் தெரியும். முகம் எதிலும் இல்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் கரைந்த வெளிச்சம். ஒவ்வொரு படமாகப் பார்த்தேன். திரும்ப முதலிலிருந்து பார்த்தேன்.

"கொடைக்கானல் பனி மாதிரி இருக்குடி" என்றாள் டீச்சர். "நல்லாத்தேன் இருக்கு. நெசமாச் சொல்றேன்."

நான் கேமராவை எடுத்து, போன் டார்ச்சை லென்ஸில் அடித்தேன். மங்கலாக, மஞ்சளாக, ஒரு படலம். மூக்கருகே கொண்டுபோனேன். சந்தனம் மணத்தது.

அந்தச் சதுர ஓட்டை லென்ஸிலிருந்து தனி. லென்ஸில் எதை அப்பினாலும் ஓட்டை வழியாகப் பார்க்கிறவளுக்குத் தெரு பளிச்சென்றுதான் தெரியும். எனக்கும் அன்று பளிச்சென்றுதான் தெரிந்தது.

அத்தா சாயங்கால அஸர் தொழுகை முடிந்து மேலே வந்தார். போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஒவ்வொன்றாகத் தள்ளினார். தன் குடோன் வாசலைப் பார்த்ததும், "அட, இது நம்ம கதவுல்ல?" என்றார். ஆட்டைப் பார்த்து, இது இன்னார் வீட்டு ஆடு என்று சரியாகச் சொன்னார். எங்கள் மூவருக்கும் மூச்சு வந்தது. பிறகு போனை என்னிடம் நீட்டினார்.

"இதுல மேல நிக்கிறது யாரு?"

"எங்கம்மா."

"நீ சொன்னா உங்கம்மா. நான் பாத்தா ஆவி." குரலில் கேலி இல்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "ஆடு தெரியுது, கதவு தெரியுது. நான் கேட்டது மூஞ்சி. நான் என்னம்மா செய்ய? பிரியாணிக் கடைக்காரருக்கு வாக்கு குடுத்துட்டேன்."

"ஆட்டுக்கும் மூஞ்சிதான அத்தா?" என்றாள் அவர் மகள். சிரிப்பதுபோலத்தான் சொன்னாள். சொல்லிவிட்டு உடனே கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள் அத்தா இறங்கிப் போயிருந்தார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அம்மாவிடம் கேட்க வேண்டியதை அடுக்கிக்கொண்டே வந்தேன். அம்மா வெஞ்சனத்துக்குக் கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள். நான் அடுக்கியது எல்லாம் ஒரே வரியாகிவிட்டது.

"கேமராவுக்குப் பொட்டு வச்சியா?"

"வச்சேன். பூசையில வச்சதுக்குப் பொட்டு வைக்காம?"

"எங்க வச்ச?"

"கண்ணுல."

"கண்ணுல போயா வைப்பாக? நெத்தியில வைக்க வேண்டியதுதான?"

"உன் கேமராவுக்கு நெத்தி எங்கடி இருக்கு? இருக்குறது ஒத்தக் கண்ணு." அரிவாள்மனையிலிருந்து காலை எடுத்தாள். "நான் என்ன அப்பிடியேவா விட்டேன்? பூசை முடிஞ்சு முந்தானையால நல்லாத் தொடச்சுல்ல வச்சேன்."

"தொடச்சதுலதேன் கெட்டுச்சு!"

"மில்லுல அம்புட்டு மெஷினுக்கும் நாந்தேன் வைக்கிறேன், நாந்தேன் தொடைக்கிறேன். ஒண்ணாவது நின்னுருக்கா? உன் மெஷினு மட்டும் ரெண்டு சொட்டுச் சந்தனத்துக்கு நின்னு போகுதுன்னா, அது என்னத்த மெஷினு?"

அப்பா வாசலில் இருந்து, "படிச்ச புள்ள, எடுக்குறதுக்கு முன்னாடி ஒருக்காப் பாத்துருக்கலாம்ல?" என்றார். அந்தப் 'படிச்ச புள்ள'தான் எனக்குச் சுட்டது. சாப்பிடாமல் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். அம்மா மறுபடியும் காய் அரியத் தொடங்கினாள். என்னைப் பார்க்காமலே, "அந்தப் பேகம்பூர்ப் புள்ள என்ன சொன்னா?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல."

"அப்ப ரொம்பச் சங்கடப்பட்டுருக்கா."

அந்த வாரம் மில்லில் நான் எடுத்த எல்லா நூலும் சீக்கிரம் அறுந்ததாகத் தோன்றியது. பேகம்பூர்க்காரி போன் எடுத்தாள், பேசினாள், எல்லாம் சரி என்றாள். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிக் கேட்டால், "அம்மாவுக்குச் சமையல்ல ஒத்தாசை பண்ணணும்" என்றாள். அவளுக்குச் சமைக்கப் பிடிக்காது என்பது எனக்குத் தெரியும். டீச்சர் அந்தப் படங்களைத் தன் பள்ளிக்கூடப் பிள்ளைகளிடம் காட்டியிருக்கிறாள். பிள்ளைகள் புகைக்குள் பூதம், மாமா, நாய் என்று ஆளுக்கொன்று கண்டுபிடித்தார்களாம். "விளையாட்டாப் பாத்தா ஜோராத்தேன் இருக்கு. இன்னொரு தடவ வேணும்னே சந்தனம் தேச்சு எடுப்போமா?" என்று கேட்டாள். வேறு ஒரு வாரமாக இருந்தால் நானும் குதித்திருப்பேன். அப்போது எனக்குப் புகை வேண்டாம். முகம் வேண்டும்.

வியாழக்கிழமை வேலை முடிந்து நேராகக் கடைக்குப் போனேன். குடோன் வாசலில் பிரியாணிக் கடை டப்பாக்கள் வந்து இறங்கியிருந்தன. மாடிப்படியில் அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அத்தா டீ சொல்லப் போனார், வேண்டாம் என்றேன். உட்காரச் சொன்னார், உட்கார எனக்கு முடியவில்லை.

"ரூமக் கேட்டு வரல அத்தா."

"பின்ன?"

"ரூமு போனா போகட்டும். அதோட சேத்து ஏன் அவ ஞாயித்துக்கிழமையும் போகணும்?"

"நான் எங்கம்மா எடுத்தேன்? அவளப் போகாதன்னு நான் சொன்னனா?"

"'போ'ன்னும் சொல்லலையே."

அவர் கல்லாவில் இருந்த பேனாவை எடுத்து மூடியைத் திறந்து மூடினார். "எங்க போகச் சொல்ற?"

"எங்க வீட்டுக்கு. பாத்ரூமே எங்களுக்குப் போதும்."

"உங்க வீட்ல யார் யாரு?"

"அப்பா, அம்மா. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வீட்லதேன் இருப்பாக. நீங்களே கொண்டாந்து விடுங்க. நீங்களே வந்து கூட்டிப் போங்க. வேணும்னா கூடவே இருந்து அந்த நாத்தத்தையும் மோந்து பாருங்க."

அவர் சிரித்துவிடுவார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வெளியே டப்பா கட்டு ஒன்று படியில் சரிந்தது; எழுந்து போய் அதட்டிவிட்டு வந்தார். "அவ அம்மாட்டக் கேக்கணும்" என்றார். பிறகு, "நானும் யோசிக்கணும்" என்றார். வியாபாரி யோசிக்கணும் என்று சொன்னால் அது எந்தப் பக்கமும் சாயும்.

ஆனால் நான் அவர் யோசிக்கும்வரை காத்திருக்கிற வேலையை வைத்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டுப் பாத்ரூமின் காற்றுத் துளைக்கு மில்லில் நூல் பெட்டி சுற்றி வரும் கறுப்பு பாலிதீனை முந்தின நாளே ஆணியடித்திருந்தேன். அப்பா ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியலைச் சனிக்கிழமைக்கு மாற்ற முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டிருந்தார். புது ரோல் ஒன்றை மாட்டி, லென்ஸைப் பஞ்சால் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்து, புதன்கிழமை காலையிலேயே தெருவில் இறங்கியிருந்தேன். இந்தத் தடவை பட்டுச்சேலை இல்லை. விடிகாலையில் யாரிடமும் சொல்லாமல் பிடித்தேன். எதிர்வீட்டு அக்கா தலை சீவாமல், அப்பா பல் துலக்கிக்கொண்டு, அம்மா என்னை வைதுகொண்டு. ஒவ்வொன்றிலும் மூஞ்சி. முடித்து, பிடி தளர்கிற இடத்தில் நிறுத்தி, நாக்கு வெளியே நிற்க ரோலை எடுத்து ஒரு பிளாஸ்டிக் டப்பியில் போட்டிருந்தேன்.

அந்த டப்பியைக் கல்லாமேல் வைத்தேன்.

"இதுல எங்க தெரு இருக்கு அத்தா. பாதிதேன் முடிஞ்சிருக்கு. மேல எடுக்க வேண்டியது அவ. அவகிட்ட குடுத்துருங்க."

அவர் டப்பியைத் திறந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த நாக்கைத் தொட விரலைக் கொண்டுபோனார். "இழுத்துராதீங்க" என்றேன், கொஞ்சம் சத்தமாகவே. கையை எடுத்துக்கொண்டார். மூடியை அழுத்தி மூடினார். கல்லாவுக்குள் வைக்கப் போனவர், உள்ளே பார்த்துவிட்டு, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வெயில்ல வைக்கக் கூடாதோ?"

"கூடாது."

"சரி, போயிட்டு வா" என்றார்.

நான் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தே போனேன். போகிற வழியில் டீச்சருக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வீட்டுக்குக் காபித்தூளை அவள் வாங்கிவர வேண்டும், சோடாவை நான் வாங்கிவிட்டேன் என்று சொன்னேன்.